அண்ணே, மைலோ

செவ்வாய், இரவு

மகளுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. எது வேண்டுமென்றாலும் விரலைத்தான் காட்டுவாள். நானும் உடனே எடுத்துக் கொடுத்துவிடுவேன். "அவசரப்படாதீங்க, அவளே கேக்கட்டும்" என்று கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டீச்சர் சொல்லியிருந்தார்.

இன்று காலை செந்தூலில் உள்ள ரொட்டி சானாய் கடையில் அதைச் செய்து பார்த்தேன். கடைக்காரர் வழக்கம்போல அவளுக்கு மைலோ கலக்கி எடுத்து வந்தார்.

"அண்ணே, இருங்க. கேட்டா குடுங்க."

"பாவம் லா பிள்ள," என்றார். ஆனாலும் கிளாஸோடு நின்றார். பக்கத்து மேசைக்காரர்கள் ரொட்டி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் உதடு பிதுங்கியது. எனக்கு வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன்.

"அண்ணே, மைலோ!"

கத்தியது அவள்தான். அப்படியே நான் தினமும் அங்கே போடும் சத்தம். கடைக்காரர் சிரித்ததில் பாதி மைலோ மேசையில் கொட்டிவிட்டது.

மாலையில் குளித்து முடித்தவள், துண்டு வேண்டி என்னையும் பார்த்து "அண்ணே!" என்றாள்.

"போங்க, உங்களத்தான் கூப்பிடுறா," என்று மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்பா என்று இன்னும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. திருத்த மனம் வரவில்லை. "தோ வரேம்மா" என்று துண்டோடு ஓடினேன்.