கவிதா வீட்டுச் சாம்பல் சுவர்

ஆவணி 15, ஞாயிறு

என் பேத்தி கவிதா செபராங் ஜெயாவில் வாங்கிய வீட்டில் இன்று பால் காய்ச்சினோம். எங்கள் குடும்பத்தில் சொந்தச் சம்பளத்தில் வீடு வாங்கிய முதல் பெண் அவள்தான். வீடு முழுக்க ஒரே சாம்பல் நிறம், சாமி அறைகூட.

என் நாத்தனார் சுவரைத் தடவிப் பார்த்தாள். "ஏன் கவிதா, சிமெண்டோட நிறுத்திட்டியா? சாயம் எப்ப அடிப்ப?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கவிதா பால் பானையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. மஞ்சளைக் குழைத்து, குங்குமமும் எடுத்துக்கொண்டு போய், "எந்தச் சுவர்ல பொட்டு வைக்கட்டும்மா?" என்று கேட்டேன். புதுச் சாயம் கறையாகும் என்று தடுப்பாள் என நினைத்தேன்.

"எல்லாத்துலயும் வைங்க பாட்டி. ஃபேக்டரியில நாள் முழுக்க லைட்டும் ஸ்கிரீனும்லா, கண்ணு எரியுது. வீட்லயாச்சும் கண்ணு சும்மா இருக்கட்டும்னுதான் இந்தக் கலர்" என்றாள்.

வைத்தேன். ஜெலுத்தோங்கில் என் வீட்டு வெள்ளைச் சுவரில் தெரிவதைவிட மஞ்சளும் குங்குமமும் அங்கே எடுப்பாகத் தெரிந்தன. நாத்தனாரை இழுத்து வந்து காட்டினேன். "ம், பரவால்ல" என்றாள். அவள் வாயில் அதுவே பெரிது.

கிளம்பும்போது கவிதா, "உங்களுக்குப் பிடிச்சிருக்கா பாட்டி?" என்றாள். பிடித்திருக்கிறது என்றேன். பொய் சொன்னதாகத் தோன்றவில்லை. நிறம்தான் பிடிக்கவில்லை. வீடு பிடித்திருக்கிறது.