பத்து நாள் லீவு

அன்பு மகளுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் நலம் என்று தொடங்குவதுதான் முறை, அதனால் தொடங்கிவிட்டேன், மீதியைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும், சின்னவளுக்கு இருமல் விட்டிருக்க வேண்டும். தினம் போனில் பேசும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அப்பா ஹாலில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரு வரி கூடப் படிக்காமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் கடையில் துணி வெட்டும் மேசையில், பள்ளிக்கூட யூனிபாரம் ஆர்டர் மலையாகக் குவிந்து கிடக்க, இதை எழுதுகிறேன்.

வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிடட்டுமா என்று போன வாரம் கேட்டாயே, அதற்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவும். இங்கே நாங்கள் இருக்கிற இருப்பு உனக்கு முழுசாகத் தெரியாது. உன் தம்பி போய் இரண்டு வருஷம் மூன்று மாதம் ஆகிறது, இன்னும் தெருவில் நான் சாதாரண மனுஷியாக நடக்க முடியவில்லை. காய்க்காரர் அழுகின தக்காளியைப் போட்டால்கூட வாயைத் திறக்க முடியாது, உயிரைக் கொடுத்த ஆபீசரோட அம்மா தக்காளிக்குச் சண்டை போடுதே என்று பார்ப்பார்கள். வருகிறவர்கள் எல்லாரும் நீங்க பெருமைப்படணும்மா என்கிறார்கள். பெருமைதான், யார் இல்லை என்றது, ஆனால் அவன்மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது, இருபத்தாறு வயதில் எங்களை இப்படி உட்கார்த்தி வைத்துவிட்டுப் போனானே என்று. அதை இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று சொல்வது. உன் அப்பாவிடம் சொன்னால் அவர் உடைந்துபோவார், அவர் என்னிடம் சொன்னால் நான் உடைந்துபோவேன் என்று அவரும் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அந்த டிரைவரைப் பற்றி உனக்குத் தெரியும், உன் தம்பியின் ஜீப்பை ஓட்டினவன், ஞாயிறுதோறும் வருகிறான் என்று சொல்லியிருக்கிறேன். அணைக்கட்டுக்குக் கீழே பம்பு அறையில் வெள்ளம் புகுந்த கதையும் தெரியும், நாலு பேர் உள்ளே மாட்டிக்கொண்டதும், இரும்பு ஏணி அடியில் பிய்ந்து வந்துவிட்டதால் ஒருத்தர் கீழே நின்று முட்டுக் கொடுத்தால்தான் மற்றவர்கள் ஏற முடியும் என்றிருந்ததும், நம் ஆள் முட்டுக் கொடுத்ததும். உனக்குச் சொல்லாதது ஒன்று உண்டு. கடைசியாக ஏறினவன் இந்த டிரைவர்தான். ஏற மாட்டேன், நீங்க ஏறுங்க சார் என்று இவன் அழுதிருக்கிறான். கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு உன் தம்பி, உனக்குத்தான்டா லீவு போட்டிருக்கேன், எனக்கு எவன் போட்டான், ஏறுடா என்றானாம். இவனுக்கு அதற்கு நாலு நாள் முன்னால்தான் பெண் குழந்தை பிறந்திருந்தது. அன்று காலையில்தான் உன் தம்பி பத்து நாள் லீவுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான். சாகப்போகிற நேரத்திலும் கிண்டல், யார் வயிற்றில் பிறந்ததோ.

அந்த லீவில் டிரைவர் தன் வீட்டுக்குப் போகவில்லை. உன் தம்பியைக் கொண்டுவந்த பெட்டியோடு கூட வந்தான், காரியமெல்லாம் முடிகிறவரை இங்கேயே கிடந்தான். அதன்பிறகு இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு டிப்போவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு, ஞாயிறு விடிந்தால் வாசலில் நிற்பான். குழாய் ரிப்பேர் பார்ப்பான், தண்ணீர்த் தொட்டி கழுவுவான், பதினோரு மணிக்கு உன் அப்பா வாசலில் இரண்டு நாற்காலி போட்டால் உட்கார்ந்து செஸ் ஆடுவான். உன் அப்பா வாரத்தில் வயிறு நிறையச் சாப்பிடுவது அந்த ஒரு நாள்தான். எனக்கோ இவன் வந்தாலும் பொறுக்காது, வராவிட்டாலும் பொறுக்காது. சோறு போடும்போதே, நீ ஏன்டா ஏறினாய் என்று நெஞ்சுக்குள் ஒரு குரல் கேட்கும், உடனே இன்னொரு கரண்டி அதிகமாகப் போடுவேன்.

நான் செய்த தப்பை இப்போது சொல்கிறேன், திட்டாதே. அலமாரியில் ஒட்டகத்தின் சட்டைகள் ஒன்பது சும்மா கிடந்தன. (உன் தம்பிக்கு நீ வைத்த பேர்தானே, அந்த நீளக் கழுத்துக்கு.) பூச்சி அரிப்பதற்கு மனுஷன் போடட்டும் என்று நினைத்துத் தோளைப் பிரித்து, பக்கத் தையலை உள்ளே பிடித்து, காலரைக் குறைத்து, டிரைவர் அளவுக்கு ஆக்கிக் கொடுத்தேன். உயரம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், இவன் கொஞ்சம் ஒல்லி. நீலக் கோடு போட்டதைப் போட்டுக்கொண்டு வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான், உன் அப்பா உள்ளேயிருந்து வந்தவர், டேய் ஒட்டகம் உன் ஆட்டம்டா என்றுவிட்டார். டிரைவர் திரும்பவில்லை, குதிரையை நகர்த்தினான். அப்புறம் அவர் அவனை அப்படியே கூப்பிட ஆரம்பித்தார், அவனும் என்னப்பா என்று கேட்க ஆரம்பித்தான், நானும் கேட்டும் கேளாததுபோல் அடுப்படியில் நின்றேன். தைத்தவள் நான்தானே, எந்த வாயால் பிரிப்பது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கடைக்கு ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். கவுன் தைக்க வந்திருக்கிறாள் என்று டேப்பை எடுத்தேன். நான் டிரைவரோட சம்சாரம் என்றாள். சண்டை போட வந்தவளாகத் தெரியவில்லை, போட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருதரம் வருகிறான், ஒரு ராத்திரி தங்குகிறான், பணம் அனுப்புகிறான், அவ்வளவுதானாம். இவ அவரைப் பாத்தா மாமாங்கிறாம்மா என்றாள். பிறகு, உங்க பிள்ளை அவரை மேல ஏத்தி அனுப்பினாரு, நீங்க இன்னும் வீட்டுக்கு அனுப்பலையேம்மா என்றாள். நான் குழந்தையின் கையில் ஒரு காலி நூல்கண்டைக் கொடுத்தேன், வேறென்ன செய்ய முடியும்.

அந்த ஞாயிறு டிரைவர் தன் சட்டையைப் பட்டன் வைக்கக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒட்டகத்தின் சட்டையோடு போய்விட்டான். கழற்றிக் கொடுத்த சட்டையின் பையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் லீவு சீட்டு. தண்ணீரில் மை பரவியிருந்தாலும் படிக்க முடிந்தது, காரணம் பெண் குழந்தை பிறப்பு, பத்து நாள், கீழே உன் தம்பியின் கையெழுத்து, வால் நீளமாக இழுத்து. அவன் கடைசியாகப் போட்ட கையெழுத்து அதுதான். வீட்டு மிஷின் டிராயரில் ஊசிப் பெட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அடுத்த ஞாயிறு வந்தவன், அம்மா பையில ஒரு பேப்பர் இருந்துச்சா என்று கேட்டான், உன் அம்மா கூசாமல் பார்க்கலையேப்பா என்று சொன்னாள். அன்று அவன் ஆட உட்காரவே இல்லை. தோட்டம், துவைக்கும் கல், கடைசியில் சாக்கடை மூடியைத் தூக்கிவிட்டு முழங்கை வரை கையை விட்டுத் துழாவினான். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற பாவத்தை எந்தத் தண்ணீரில் கழுவுவேன் என்று தெரியவில்லை.

சாயங்காலம் கடைக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு டிராயரைத் திறந்து எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். கையில் கொடுத்தேன். உங்க ஆபீசர் போட்ட உத்தரவு இன்னும் நிறைவேறலைப்பா, இந்தப் பத்து நாளை எங்க வீட்டில செலவழிக்கச் சொல்லி அவன் எழுதல, போய் உன் பொண்ணுகிட்ட இரு, இனிமே ஞாயித்துக்கிழமை இங்க வராதே என்றேன். அப்பாவுக்கு யாரும்மா என்றான். அது எங்க பாடு என்றேன். அப்போதுதான் நான் அழுதேன், இரண்டு வருஷத்தில் முதல்முறையாக, பஸ் ஸ்டாப்பில், எல்லாரும் பார்க்க. பஸ் வந்து அவன் ஏறும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

நேற்று ஞாயிறு. உன் அப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, வாய் வரவில்லை. பதினோரு மணிக்கு வழக்கம்போல் இரண்டு நாற்காலி போட்டார், காய்களை அடுக்கினார், தெருமுனையைப் பார்த்தபடி ஒரு மணி வரை இருந்தார். தாங்க முடியாமல் போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். நீதானே போகச் சொன்னே என்றார். ஆமாம் என்றேன். நல்ல வேளை, நானே சொல்லணும்னு இருந்தேன், எனக்கு வாய் வரலை என்றார். அப்புறம், எனக்குத் தெரியும்டி அவன் நம்ம ஒட்டகம் இல்லைன்னு, கூப்பிட ஒரு ஆள் இருந்தானே, அதான் என்றார். எனக்குக் குதிரை எப்படிப் போகும் என்றுகூடத் தெரியாது, சும்மா நகர்த்தினேன், அவரும் தப்பு என்று சொல்லவில்லை.

ஆகையால் மகளே, வேலையை விட்டு வராதே. ஒருத்தனை இப்போதுதான் விட்டிருக்கிறோம், உன்னைப் பிடித்துக்கொண்டால் மறுபடி விடத் தெம்பு இல்லை. லீவு போட்டு வா, பத்து நாளுக்குமேல் வேண்டாம், திரும்பிப் போக டிக்கெட்டை முதலிலேயே எடுத்துவிடு. சின்னவளின் இடுப்பளவும் உயரமும் எழுதி அனுப்பு, போனதரம் மாதிரி குத்துமதிப்பாகச் சொல்லாதே. ஞாயிறு பதினோரு மணிக்கு உன் அப்பாவுக்குப் போன் செய், எனக்கு வேண்டாம். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், உங்கள் வீட்டில், நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் தம்பியின் கடைசிக் கையெழுத்தைக் கொடுத்தனுப்பிவிட்ட
உன் அம்மா