அப்பா வாட்சின் மெஷின்

ஜூலை 9, வியாழன்.

அப்பா இறந்தபோது குற்றாலத்து அக்கா கேட்டது அவர் கைக்கடிகாரம் ஒன்றைத்தான். ஆண்பிள்ளை என்ற மிதப்பில் தரமாட்டேன் என்றேன். ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. இப்போது அவள் படுக்கையில் கிடக்கிறாள். கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று இருந்தேன். வெறுமனே மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது. “அக்கா, அசல் சுவிஸ் வாட்ச்” என்று நீட்டினால் கௌரவமாக இருக்குமே! அசல்தானா என்று உறுதிசெய்யத் தென்காசியில் ஒரு வாட்ச் ரிப்பேர் கடையில் காட்டினேன்.

கடைக்காரர் பின்மூடியைத் திறந்து லென்ஸில் பார்த்தார்.

“வெளிக்கூடும் டயலும் அசல்தான் அண்ணாச்சி. உள்ள கெடக்க மெஷின் வேறல்லா!”

“எங்க அப்பா மாத்திருப்பாவளோ?”

“மூடிக்குள்ள ரிப்பேர் பார்த்த தேதியக் கீறி வச்சிருக்கான், பாருங்க. மூணு வருசந்தான் ஆவுது.”

அப்போதுதான் நினைவு வந்தது. மூன்று வருஷத்துக்கு முன் என் மகள் கல்யாணம். நின்றுபோன வாட்சைச் செங்கோட்டையில் ஒருவரிடம் கொடுத்து, “எதையாவது போட்டு ஓட வையும்வே, சம்பந்தி வீட்டுக்காரவுக பார்க்கணும்” என்று சொன்னது நான்தான். கழற்றிய மெஷினை அவர் பொட்டலமாகக் கொடுத்தார். குப்பை என்று பஸ் ஸ்டாண்டிலேயே வீசிய மகாராசனும் நான்தான்.

அப்பா கையில் ஓடியது அதுதான். அக்காவிடம் எப்படிச் சொல்வேன்? சொல்லாமல் கொடுக்கவும் கை வரவில்லை. நாளை குற்றாலம் பஸ்ஸில் ஏறுவேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.