தம்பி என்று கூப்பிட்டாள்

3 மார்ச் 2024

லண்டன் குரொய்டனில் சீன வைத்தியம் பார்க்கும் வூ அம்மா தந்த வேர்களை அவித்துக் குடிக்கிறேன். வீடெல்லாம் ஈரச்சாக்கு மணம். ஆனால் தலை கறுக்கிறது! கண்ணுக்குக் கீழிருந்த பையும் வற்றிவிட்டது. பஸ்ஸில் ஒருவரும் எழும்பி இடம் தருவதில்லை. கோயிலில் பிரசாத வரிசையிலேயே ஜின்செங் வேர் விலை பேசுகிறார்கள். கிழடாவது வெட்கம் என்று எங்கள் சனத்துக்கு யார் சொல்லிக்கொடுத்தது? கேட்கிற நானும் அதே வரிசைதான்.

தங்கை றூபினி கேட்டாள்: "அறுபத்திமூண்டு வயசிலை ஆருக்கு, அண்ணை, காட்டப்போறியள்?"

பாலாம்பிகைக்கு. வேறு யாருக்கு? மே மாதம் ஒரு கல்யாணத்துக்கு ரொறன்ரோவிலிருந்து வருகிறாளாம். புருஷன் செத்துச் சில வருஷம்.

9 ஏப்ரல்

தொண்ணூறாம் ஆண்டு. ரூட்டிங்கில் அகதிகளுக்கான இங்கிலிஷ் வகுப்பு. முடிந்ததும் நானும் அவளும் ஒரு பொட்டலம் சிப்ஸ் வாங்கிப் பங்குபோடுவோம். அவள் கோட்டுப் பையில் எப்போதும் காகிதத்தில் சுற்றிய மிளகாய்த்தூள். "யோகண்ணை, உறைக்குதோ?" கண்ணீர் வழிய இல்லை என்பேன். பிறகு அவளைக் கனடாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. கட்டாமலே இருந்துவிட்டேன். அந்த யோகண்ணையாகத்தான் அவள் முன்னால் போய் நிற்கவேண்டும்.

18 மே

நாளை கல்யாணம். மூன்று சேட்டு மாற்றிப் பார்த்தாயிற்று.

19 மே

றூபினிக்கு ஷிப்ட், தனியாகத்தான் போனேன். பாலாம்பிகைக்குத் தலை முழு வெள்ளை, கையில் தடி. சிரிப்பு மட்டும் அதே. கிட்டப் போனேன். உற்றுப் பார்த்தாள்.

"தம்பி, நீங்கள் யோகலிங்கத்தின்ர மகனோ? அச்சொட்டா அவர்தான்!"

ஓம் எண்டு வாய் சொல்லிப்போட்டுது. ஏன் அப்பிடிச் சொன்னன்? விசரன், விசரன்!

"அப்பா வரேல்லையோ?"

"அவருக்கு ஏலாமல் இருக்கு."

அவள் முகம் வாடிப்போயிற்று. "அவரைப் பாக்கலாம் எண்டுதான் இவ்வளவு தூரம் வந்தனான்." போன் நம்பரைச் சொன்னாள். "கட்டாயம் எடுக்கச் சொல்லுங்கோ, தம்பி."

தம்பியாம்.

21 மே

அவளுக்குப் போன் எடுத்தேன். மகன் ஒருவரும் இல்லை, அது நான்தான் என்று சொல்லிவிட்டேன். "ஐயோ கடவுளே!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு நின்றதும் சொன்னாள்:

"எனக்கு நரைக்கேக்கை எல்லாம், அங்கை யோகண்ணைக்கும் நரைச்சிருக்கும் எண்டு நினைச்சு ஆறுதல்பட்டனான். நீங்கள் என்னைத் தனியக் கிழவியாக விட்டிட்டியளே."

அழுதுவிட்டேன். அவளுக்குக் கேட்டிருக்கும்.

14 செப்டம்பர்

வேர் அவித்துக் குடிப்பதை நிறுத்தியதில் தலை நன்றாக வெளுத்துவிட்டது. வூ அம்மா கண்டு பதறிப்போனார். "என்னண்ணை, ஒரேயடியாக் கிழடு தட்டிப்போட்டுது!" என்று றூபினி சிரிக்கிறாள். பாலாவின் பிளேன் பின்னேரம் ஹீத்ரோவுக்கு வருகிறது. எங்கள் கல்யாணப் பதிவு அடுத்த மாதம். அவளுக்கு முழங்கால் நோவு, எனக்கும் இப்போது படி ஏற ஏலாது. இரண்டு கட்டிலையும் கீழ் அறையிலேயே போட்டாயிற்று.