எட்டில் ஒரு பங்கு

நாள் 212, காலை 06:10
பம்பு அழுத்தம் சரி. பனிச்சுரங்கத்தில் கசிவு இல்லை. என் பெயர் வேலாண்டி, வயது அறுபத்தெட்டு. நிலவின் இந்த நிலையத்தில் நான் ஒருவன்தான். எழுதப் படித்து நான்கு மாதம் ஆகிறது. 'அழுத்தம்' என்று தப்பில்லாமல் எழுதிவிட்டேன்! இதைக் கண்டெடுப்பவர் கவனிக்க வேண்டும்.

தூக்கத்துக்காக மருத்துவ இயந்திரம் ஏழு வருடமாகச் சாந்தோன் மாத்திரை தருகிறது. அதை விட முயல்கிறேன். மற்ற நிலையங்களில் இன்னும் மூன்று பேர் முயல்கிறார்கள். டாக்டர் கிடையாது, ரேடியோவில் ஒருவருக்கொருவர் துணை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை எட்டில் ஒரு பங்கை உப்புத்தாளில் தேய்த்துக் குறைக்கிறோம். வேகம் கூடாது. பொய் கூடாது.

நாள் 226, காலை 06:25
பாதி மாத்திரைக்கு வந்துவிட்டேன். மற்றவர்களுக்கு வியர்வை, நடுக்கம். எனக்கு ஒன்றுமே இல்லை. தெற்கு நிலையத்துப் பிலோமி விடவில்லை:
"என்ன பெரியவரே, தேய்ச்ச தூளையும் நக்கிடுதீரோ?"
சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. நான் ஏமாற்றவில்லை. அப்படியானால் யார்?

நாள் 229, காலை 09:50
குடிநீர்த் தொட்டிக்குப் பின்னால், அதில் குழாயால் இணைத்த ஒரு குப்பி. ஏழு வருடமாகத் துடைக்கிறேன். இன்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். சா. ந். தோ. ன். படிக்க முடிந்ததே என்று முதலில் மகிழ்ச்சிதான்! அதன் பிறகே புரிந்தது. நான் குறைத்ததை எல்லாம் இயந்திரம் தண்ணீரில் கூட்டியிருக்கிறது.

ரேடியோவில் சொன்னதும் பிலோமி கத்தினாள்: "குப்பியப் புடுங்கிராதேயும்! ஒரேயடியா நின்னா வலிப்பு வந்திரும். பனிய உருக்கி, தொட்டித் தண்ணியில கொஞ்சங்கொஞ்சமாக் கலந்து குடியும்."

நாள் 243, காலை 07:40
நடுக்கம் வந்துவிட்டது! எழுத்து கோணுகிறது. இது என் சொந்த நடுக்கம்.

இதை எழுதியதும் இயந்திரம் பேசியது: "நடுக்கம் பதிவாகியுள்ளது. அளவு சரிசெய்யப்படும்."
நான் வாயே திறக்கவில்லை. விளக்குக்குள் இருக்கும் கண் என் நோட்டைப் படிக்கிறது.

அதே நாள், 08:05
போர்வைக்குள் எழுதுகிறேன். நாளை முதல் சுகம் என்றே எழுதுவேன். நம்பாதீர்கள். எழுத்தில் பொய்யும் சொல்லலாம் என்று இன்றுதான் தெரி

நாள் 244, காலை 06:10
சுகம். நடுக்கம் இல்லை. பம்பு அழுத்தம் சரி.
பிலோமி கேட்டாள்: "நெசமாத்தானா பெரியவரே? பயந்துக்கிட்டுச் சொல்லுதீருன்னா ஒருதரம் இருமும்."
ஓர் இருமல் வந்தது. எனக்குச் சளி இல்லை.
அவள் அழுகிறாள். ஏன் என்று தெரியவில்லை.