கம்பியில் கிடந்த கடிதம்

ஐயா,

அன்புள்ள என்றோ மதிப்பிற்குரிய என்றோ தொடங்க எனக்கு மனம் வரவில்லை. ஊர் உங்களை ஐயா என்றது. நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். மரியாதை அந்த ஒரு சொல்லோடு நிற்கட்டும்.

இன்று காலை பள்ளிக்கூடம் திறக்கும் முன்பே செலம்பாயி வந்து நின்றாள். கையில் கடிதம் குத்தி வைக்கும் கம்பி. அடியில் மரக்கட்டை, மேலே கொக்கி, இடையில் கழுத்து வரைக்கும் காகிதம். உங்கள் கருமாதி முடிந்து வீட்டைக் கழுவிவிடப் போனவளுக்கு நெல்குதிருக்குப் பின்னால் கிடைத்ததாம். மேசைமேல் வைத்ததும் துருவும் உங்கள் புகையிலையும் கலந்த வாடை எழுந்தது. அப்புறம்தான் மேலே இருந்த காகிதத்தைப் பார்த்தேன். என் கையெழுத்து.

"இதுல எம்பொண்ணு காயிதம் இருக்கா பாருங்க டீச்சரம்மா" என்றாள்.

இருந்தது ஐயா. அடுப்பில் போட்டுவிட்டேன் என்று என் முகத்தைப் பார்த்து நீங்கள் சொன்ன கடிதம், நடுவில் ஓர் ஓட்டையைத் தவிர வேறு சேதம் இல்லாமல் இருந்தது.

நான் இந்த ஊருக்கு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. உலகச் சண்டை தொடங்கிய மறு வருஷம். ஏலாக்குறிச்சியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு ஜெபமாலையுமாக வந்து இறங்கியவளுக்கு, உடையார்பாளையத்துச் சாலையிலிருந்து பெட்டியைத் தூக்கிவர ஆள் அனுப்பியது நீங்கள்தான். தங்க உங்கள் தோட்டத்து வீட்டை ஒழித்துக் கொடுத்தீர்கள். தினமும் ஒரு சொம்பு மோர் வரும். வேதக்காரப் பெண், ஒண்டிக்கட்டை, இவளை யார் கவனிப்பார்கள் என்று பயந்து கிடந்த என் அம்மாவுக்கு, தெய்வம் மாதிரி ஒருவர் இருக்கிறார் என்று எழுதினேன். அந்த வரியை நினைத்தால் இன்றும் என் கையை நானே கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

முதல் வாரமே ஒன்று நடந்தது. ஒரு குழந்தை தாளைக் கசக்கிக் கீழே போட்டது. பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்த நீங்கள் குனிந்து அதை எடுத்து, மண்ணைத் தட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். "எழுத்து இருக்குற காயிதம் சரஸ்வதி டீச்சர். மிதிக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது" என்றீர்கள். எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த பெரியவர் நீங்கள் ஒருவர்தான். தபால்காரர் எல்லாக் கடிதங்களையும் உங்கள் வாசலில் கொடுத்துவிட்டுப் போவார். சனங்கள் வந்து பந்தலுக்கு வெளியே கைகட்டி நிற்பார்கள். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்வீர்கள். படித்து முடித்ததும் காகிதத்தை யாரும் கேட்பதில்லை. "ஐயா வூட்டுலயே இருக்கட்டுங்க, எங்க கூரையில ஒழுவும்" என்பார்கள். நீங்கள் கம்பியில் குத்திவிடுவீர்கள்.

பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய் வரவேண்டும் என்று நான் சொன்னபோது, நீங்கள் தடுக்கவில்லை. அப்படித் தடுத்திருந்தால் வீம்புக்காவது போயிருப்பேன். சிரித்துக்கொண்டே, "ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் டீச்சர் போனா நல்லா இருக்காது. அதுங்க கூழுக்கு அலையுற நேரத்துல நீங்க போய் நின்னா அதுங்களுக்கும் கூச்சம். எழுதிக் குடுங்க, நான் கூப்பிட்டுப் படிச்சுச் சொல்லிடுறேன்" என்றீர்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், வெயிலில் நடக்காமல் தப்பித்தேன் என்று சந்தோஷப்பட்டேன். உங்களுடைய பாவத்துக்கு வழி வெட்டிக் கொடுத்தது என்னுடைய சோம்பல்.

எழுதினேன். இவனுக்குக் காதில் சீழ் வடிகிறது, வைத்தியரிடம் காட்டுங்கள். இவள் கணக்கில் கெட்டிக்காரி, அறுப்புக்கு அனுப்பாதீர்கள். எதற்கும் பதில் வராது. பிள்ளைகள் ஒவ்வொன்றாக நின்றுபோகும். நான் உங்களிடம் வந்து அழுவேன். "அதுங்க அப்படித்தான் டீச்சர். நாய் வாலை நிமித்த முடியுமா" என்பீர்கள். நானும் அந்தச் சனங்களை மனசுக்குள் திட்டிக்கொண்டு திரும்புவேன். காதில் சீழ் வடிந்த பையனுக்கு ஒரு காது போனதுதான் மிச்சம்.

அஞ்சலை, கொளஞ்சிக்கும் செலம்பாயிக்கும் ஒரே பெண். ஐந்தாவது முடித்திருந்தாள். நான் கரும்பலகையில் தப்பு செய்தால் எழுந்து நின்று, "டீச்சர், நீங்க வேணும்னுதானே தப்பா போட்டீங்க?" என்று கேட்டு என் மானத்தைக் காப்பாற்றுகிற பெண். அவளுக்காக எத்தனையோ இடங்களுக்கு எழுதிப் போட்டேன். கோடை விடுமுறையில் ஏலாக்குறிச்சியில் இருந்தபோது பதில் வந்தது. திருச்சியில் ஒரு விடுதிப் பள்ளியில் இலவசமாக இடம். அன்றைக்கே கொளஞ்சிக்குக் கடிதம் எழுதி உங்கள் விலாசத்துக்கு அனுப்பினேன்.

ஆனி முதல் திங்கட்கிழமை அரியலூர் ரயிலுக்குப் போக வண்டி பிடித்து, விடிந்ததிலிருந்து பள்ளிக்கூட வாசலில் நின்றேன். வெயில் ஏறியது. வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டினார். யாரும் வரவில்லை. உங்களிடம் ஓடி வந்தேன். "படிச்சுச் சொன்னேன் டீச்சர். பொட்டப்புள்ளைய அசலூருக்கு அனுப்ப மாட்டேன்னு ஒரேயடியா சொல்லிட்டான்" என்றீர்கள். ஏரிக்கரையைத் தாண்டி அவள் வீடு கால்மைல்கூட இல்லை. நான் போகவில்லை. ரோஷம். இவ்வளவு செய்தேன், ஒரு வார்த்தை வந்து சொல்லக்கூடாதா என்று ரோஷம். அந்த இடம் வேறு யாருக்கோ போனது. அஞ்சலை உங்கள் கடலைக்காட்டுக்குப் போனாள்.

உண்மை தெரிய ஒன்றரை வருஷம் ஆனது. உடையார்பாளையம் சந்தையில் செலம்பாயியைப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். பின்னாலேயே போய், ஏன் இப்படி என்று கேட்டேன். கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நீங்கதானே எழுதி விட்டீங்க? இந்தப் பொண்ணு மண்டையில ஒண்ணும் ஏறாது. இனிமே படிப்புன்னு இந்தப் பக்கம் அனுப்பாதீங்க. காட்டு வேலைக்குத்தான் லாயக்கு. அப்படித்தானே? அன்னைக்குப் பூரா எம்புள்ள சோறு திங்கல."

எழுத்து ஒன்றுகூடத் தெரியாத ஒருத்தி, நான் எழுதாத ஒரு கடிதத்தை வரி பிசகாமல் ஒப்பித்தாள். நான் எழுதியதைச் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின மாசம்தான் அஞ்சலையை விக்கிரமங்கலத்தில் கட்டிக்கொடுத்ததாகச் சொன்னாள்.

அன்று நேராக உங்களிடம் வந்தேன். நீங்கள் மறுக்கவில்லை. குரலும் உயரவில்லை. "ஆனி பொறந்தா வெதைப்பு, அப்புறம் களை, அப்புறம் புடுங்கணும், காய் ஆயணும். ஒரு புள்ள போனா பத்துப் புள்ள போவும் டீச்சர். எம்மவன் பினாங்குலேருந்து வந்து பாக்கயில நெலம் தரிசா கெடக்கலாமா?" என்றீர்கள். கடிதத்தைக் கேட்டேன். அடுப்பில் போட்டாச்சு என்றீர்கள். பிறகு உள்ளே பார்த்து, டீச்சருக்கு மோர் கொண்டாங்க என்று குரல் கொடுத்தீர்கள். அந்த மோருக்காகவே உங்களை நான் மன்னிக்கமாட்டேன்.

மறுநாள் விக்கிரமங்கலம் போனேன். அஞ்சலை கதவுக்குப் பின்னால் பாதி முகம் தெரிய நின்றாள். கழுத்தில் புதுத் தாலி. "லாயக்கில்லைன்னு எழுதிட்டு இப்ப எதுக்கு வந்தீங்க டீச்சர்?" என்றாள். நான் அப்படி எழுதவில்லை என்றேன். அவள் எப்போதும்போல் கணக்கைத்தான் கேட்டாள். "அப்ப காயிதம் எங்க?" அவள் கதவைச் சாத்தவில்லை. உள்ளே போய்விட்டாள், அவ்வளவுதான்.

திரும்பி வந்ததும் உங்கள் தோட்டத்து வீட்டைக் காலி செய்தேன். ஏரிக்கரையைத் தாண்டிப் போய், உங்களைப் பழி வாங்கும் வேலையைத் தொடங்கினேன். ஊர்க்காரர்கள் அதைத் தொண்டு என்கிறார்கள். எனக்கல்லவா தெரியும்.

முதல் வீட்டில் எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. "எம்மவன் தண்டம்னு எழுதினீங்களே, தண்டத்து வூட்டுல என்ன தண்ணி?" என்றார் தகப்பனார். என் பெயரில் நீங்கள் படித்த வசவுகளை வீடு வீடாகக் கேட்டுக்கொண்டேன். செலம்பாயி கூடவே வந்தாள். "டீச்சரம்மா எழுதுனது வேற, படிச்சது வேற" என்று அவள் சொன்ன பிறகுதான் பாய் விரிந்தது. சனிக்கிழமை தவறாமல் போனேன். பிள்ளை நன்றாகப் படித்தால் அதைச் சொல்வதற்கென்றே போனேன். அப்படி ஒரு சேதியோடு பள்ளிக்கூடத்து ஆள் யாரும் அந்தத் தெருவுக்குள் வந்ததே இல்லையாம். பெற்றவர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். "காய் ஆயுற மாசம் வெள்ளனப் பள்ளிக்கூடம் வெச்சுக்கங்க, வெயில் ஏறுனதும் எங்களுக்கு உட்டுடுங்க. ரெண்டும் நடக்கும்" என்றாள் செலம்பாயி. நான் மூன்று வருஷமாக முட்டிக்கொண்ட சுவரில் அவள் ஒரு மூச்சில் கதவு வைத்தாள். அந்த ஐப்பசியில் ஒரு பிள்ளைகூட நிற்கவில்லை.

தபால்காரரிடம் பேசி, கடிதங்களைப் பள்ளிக்கூட வாசலில் கொடுக்கச் சொன்னேன். அந்தந்த வீட்டுப் பிள்ளையே அம்மா அப்பாவுக்குப் படித்துக் காட்டியது. தப்பும் தவறுமாகப் படித்தாலும் ஏமாற்றாமல் படித்தது. உங்கள் பந்தல் காலியானது. வேலை ஒன்றும் இல்லாவிட்டாலும் நான் அந்த வழியாக நடந்து போவேன், நீங்கள் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதற்காகவே. தினமும் ஜெபத்தில் மன்னிப்பைப் பற்றி ஒரு வரி வரும். அது வரும்போது வாயை மூடிக்கொள்வேன். இன்றும் அப்படித்தான்.

சண்டை முடிந்து, பினாங்குத் தபால் மறுபடி வரத் தொடங்கியது. அதற்குள் உங்கள் கண்ணில் பூ விழுந்திருந்தது. அத்தனை வருஷம் காத்திருந்த மகனின் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, தடவித் தடவிப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தீர்கள். "டீச்சர், கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றீர்கள். பிள்ளைகளைப் படிக்கச் சொல்லியிருக்கலாம். நானே வாங்கினேன்.

"நான் இங்கேயே குடும்பமாகிவிட்டேன். இனி ஊர் திரும்பப் போவதில்லை. எனக்காக நிலத்தை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம்."

பெற்றவனிடம் அதை யாரும் அப்படியே படிக்கமாட்டார்கள். இந்த வருஷம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் வருவானாம் என்று ஒரு வார்த்தை சேர்ப்பார்கள். எனக்கும் அது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். நீங்கள் "இன்னொரு தடவை படிங்க" என்றீர்கள். இரக்கப்பட்டு மாற்றிப் படிப்பேன் என்று நினைத்தீர்களோ என்னவோ. அதே சொற்களை, அதே நிதானத்தில், இன்னும் கொஞ்சம் உரக்கப் படித்தேன்.

"இருக்குறத அப்படியே படிச்சிட்டீங்க" என்றீர்கள்.

"எனக்கு அப்படித்தான் படிக்கத் தெரியுங்க ஐயா" என்றேன்.

அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்லவில்லை.

இன்று செலம்பாயிக்கு அவள் மகளின் கடிதத்தைப் படித்தேன். "அஞ்சலையின் தகப்பனாருக்கு. நான் பாடம் சொன்ன பிள்ளைகளில் உங்கள் மகள்தான் முதல். அவளுக்குத் திருச்சியில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. சாப்பாடும் துணியும் அவர்களே தருவார்கள். ஆனி முதல் திங்கட்கிழமை வண்டியோடு பள்ளிக்கூட வாசலில் நிற்பேன். என் சொந்தப் பிள்ளையைப்போல் கூட்டிப்போய்ச் சேர்க்கிறேன்." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இன்னொரு தடவ படிங்க டீச்சரம்மா" என்றாள். படித்தேன்.

எரித்திருந்தால் தப்பியிருப்பீர்கள் ஐயா. ஒரு பெண்ணின் படிப்பைக் கொளுத்தக் கூசாத உங்களுக்கு, காகிதத்தைக் கொளுத்த மட்டும் கை வரவில்லை. உங்கள் சரஸ்வதியே உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டாள். கம்பியில் உள்ள என் மற்றக் கடிதங்களையும் உருவி வைத்திருக்கிறேன். எந்த வீட்டுக்கு எழுதினேனோ அந்த வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். உங்களுக்குச் சோறு படைத்துக் கும்பிட்ட கையின் ஈரம் காய்வதற்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் உங்களைத் தெரியவேண்டும்.

"விக்கிரமங்கலத்துக்கு யாருகிட்டயாச்சும் குடுத்து விடலாங்களா?" என்று கேட்டாள் செலம்பாயி.

"வேண்டாம். நாமளே போவோம்" என்றேன்.

நாளை சனிக்கிழமை. முதல் பஸ்ஸுக்குப் போகிறோம். கடிதத்தை என் ஜெபப் புத்தகத்தில், நான் வாயை மூடிக்கொள்ளும் அந்தப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அஞ்சலை இப்போதும் கதவுக்குப் பின்னால்தான் நிற்பாளோ, இடுப்பில் குழந்தையோடு வெளியே வருவாளோ, தெரியாது. நான் ஒன்றும் பேசப்போவதில்லை. காகிதத்தை நீட்டுவேன். அவளுக்கு யாரும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை.