சாயக்கோடு நெளியவில்லை

ஜூலை 7, திங்கள்
காலையிலிருந்து மழை. சயானில் தண்டவாளத்தில் தண்ணீர், லோக்கல் ஊர்ந்தது. மாட்டுங்காவில் இறங்கி லேபுக்குள் போகும்போது 10.15.

ஜெல் குழாயில் பாலிமர் கரைசலை ஓட்டினேன். சுவர் மெத்தென்று இருப்பதால் மெதுவாக ஓட்டும்போதே உள்ளே விட்ட சாயக்கோடு நெளிய வேண்டும். மே முழுக்க நெளிந்தது. ஜூனிலிருந்து நெளியவில்லை. இன்றும் நேர்கோடு, வெறும் தண்ணீரை விட்டதுபோல. என் ஆய்வேடே இந்த நெளிவை நம்பித்தான். செப்டம்பரில் கமிட்டி.

பேச்சியம்மாள், ஒரு வருடம் ஜூனியர், ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கு?

ஜூலை 8, செவ்வாய்
இனி 'பே.' என்றே எழுதுகிறேன். யார் கண்ணிலாவது படும்.

நான் தினமும் 5.42 டோம்பிவிலி வண்டிக்கு ஓடுகிறேன். பே. வீடு தாராவி, நடந்தே போய்விடலாம். லேபிலிருந்து கடைசியாகக் கிளம்புகிற ஆள் அவள். என் கரைசல் பாட்டில் அங்கேதான். யாரோ தண்ணீர் கலக்கிறார்கள். யாரோ என்ன யாரோ.

செய்தவை:
– பாட்டிலில் மட்டத்துக்கு மார்க்கர் கோடு, லேபிளுக்குப் பின்னால்
– மூடிமேல் டேப்
– அம்மாவுக்கு பி.பி. மாத்திரை (மறந்துவிட்டேன்)

ஜூலை 9, புதன்
மட்டம் மாறவில்லை. டேப் அப்படியே. சாயக்கோடும் அப்படியே, நேராக. கெட்டிக்காரிதான். கொஞ்சம் எடுத்துவிட்டு அதே அளவு தண்ணீர் ஊற்றினால் மட்டம் எப்படி மாறும்?

மதியம் டப்பாவை நீட்டினாள். "சொதி வச்சேன்க்கா, கொஞ்சம் சாப்பிடுங்க." பசியில்லை என்றேன். நல்ல பசி.

வண்டியில் நின்றபடியே கைடு சாருக்கு மெயில். 'என் கரைசலில் பேச்சியம்மாள் கைவைக்கிறாள் என்று நினைக்கிறேன்.' தாணே வந்ததும் 'என்று நினைக்கிறேன்' என்பதை எடுத்துவிட்டு அனுப்பினேன்.

ஜூலை 11, வெள்ளி
வெயில். பே.யைச் செம்பூர்ப் பக்கம் வேறு லேபுக்கு மாற்றிவிட்டார் சார். காரணம் சொல்லவில்லையாம். புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா? கரைக்கும்போது ஸ்டிர்ரர ரொம்ப வேகமா வைக்கிய. பாலிமர் இழையெல்லாம் அந்துபோயிரும். பெறகு அது வெறும் தண்ணிதான். போன வாரமே சொல்ல வந்தேன், நீங்க வண்டிக்கு ஓடிட்டிய."

ராத்திரி ஸ்டிர்ரர் உட்பட எந்த மெஷினும் ஓடக்கூடாது என்று ஜூனில் விதி வந்தது. 5.42-க்குள் கரைந்தாக வேண்டுமென்று வேகத்தை எட்டுக்கு ஏற்றியது நான்தான். மே மாதம் இரண்டில் வைத்து விடிய விடியச் சுற்றவிட்டிருந்தேன்.

இல்லை. தப்பிக்கச் சொல்கிறாள். பழியை என்மேலேயே திருப்புகிறாள்.

ஜூலை 12, சனி
காலை ஏழுக்கே லேப். வேகம் இரண்டு. இருட்டும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்று வடாபாவ். அவள் சொன்னது பொய் என்று நிரூபிக்கத்தான்.

ஜூலை 14, திங்கள்
மெதுவாகத்தான் ஓட்டினேன். நெளிந்தது. நடுக்குழாயில் புரண்டு, சுவர்வரை கலைந்து போனது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எழுந்து போய் ஸ்டிர்ரர் எண்ணைப் பார்த்தேன். இரண்டு.

சார் எட்டிப் பார்த்தார். "நெளியறதா?"

"நெளியறது சார்."

"பாத்தியா, அவ போனதும் சரியாயிடுத்து."

ஆமாம் சார் என்றேன்.